வளைகுடா: தங்க முடியாதவர்களின் சரித்திரம்

1

வளைகுடாவுக்குப் போன தமிழனைப் பற்றி நம்மிடம் இருப்பவை ஒரு கேலிச் சித்திரமும் ஒரு புலம்பலும்தான். கேலிச் சித்திரத்தில் அவன் கறுப்புக் கண்ணாடி அணிந்து, அத்தர் மணக்க, கையில் டேப் ரிக்கார்டருடன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். புலம்பலில் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டு மீட்பை எதிர்பார்த்து நிற்கிறான். முதலாவதைத் தந்தது சினிமா. இரண்டாவதைத் தருபவை தினசரிகள். இரண்டுக்கும் நடுவே, காலை நாலு மணிக்கு எழுந்து கம்பெனி பஸ் ஏறிப் போய்த் திரும்பி, வெள்ளிக்கிழமை துணி துவைத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோன ஒருவனுடைய இருபது முப்பது வருஷம் இருக்கிறது. அந்த வருஷங்களுக்குச் சரித்திரம் எழுதப்படவில்லை.

நான் திருவண்ணாமலையில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. இந்த ஊரில் வெளிநாட்டுப் பணத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, ரமணர் காலத்திலிருந்து ஆசிரமத்தைத் தேடி வரும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவருவது. மற்றது செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் அனுப்புவது. முதல் வகைக்காரர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவர்களே எழுதிய புத்தகங்களும் நிறைய. அவர்கள் இங்கே வந்தது ஒரு தேடல் என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. இங்கிருந்து அங்கே போனவன் தேடியதற்குப் பிழைப்பு என்று பெயர். பிழைப்புக்குச் சரித்திரம் தேவையில்லை என்பது நம்மிடையே பேசாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட அபிப்பிராயம்.

2

இந்தப் பக்கத்துக்காரர்கள் கடல் கடந்தது எழுபதுகளில் திடீரென்று நேர்ந்த விஷயமில்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக நேட்டாலுக்குக் கொண்டுபோயிற்று. 1911 வரை அங்கே போனவர்கள் 1,52,000-க்கும் அதிகம். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு அதற்கு ஆள் தந்த முக்கிய ஜில்லாக்களில் ஒன்று. 1903-க்குப் பிறகு பிஜிக்குப் போன சுமார் 15,000 தென்னிந்தியரில் வட ஆற்காட்டுக்காரர்களே அதிகம். போளூர், ஆரணி, வந்தவாசி எல்லாம் அந்த ஜில்லாவில் இருந்தவை. திருவண்ணாமலைத் தாலுகா மட்டும் 1911 வரை தென் ஆற்காட்டில் இருந்து, பிறகு வட ஆற்காட்டில் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1989-ல்தான்.

அந்த ஒப்பந்தம் ஐந்து வருஷம். சவுக்கும் சிறையும் அதில் உண்டு. ஆனால் ஐந்து வருஷம் முடிந்தவன் அங்கேயே தங்கலாம். நேட்டால் அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. 1895-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளாமல் தங்குகிறவன் வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. காந்தி 1913-ல் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று இந்த வரியை நீக்குவது, 1914-ல் நீக்கப்பட்டது. வரிக்குப் பயந்து சிலர் திரும்பினார்கள். பெரும்பாலோர் தங்கினார்கள். அதனால்தான் டர்பனில் இன்று தமிழ்ப் பெயர்களும் பிஜியின் நாடியில் ஒரு முருகன் கோயிலும் இருக்கின்றன. கூலியாகப் போனவர்கள் அங்கே ஒரு ஜனமாக ஆனார்கள்.

நேட்டால் செய்ய நினைத்து முடியாமற்போனதை வளைகுடா நாடுகள் செய்து முடித்தன. அங்கே போகிறவன் தங்க முடியாது. விசா ஒரு முதலாளியின் பெயரில் இருக்கிறது. அந்த முதலாளிக்குக் கஃபீல் என்று பெயர். அவருடைய சம்மதமில்லாமல் வேலை மாற முடியாமல் இருந்தது. சில நாடுகளில் நாட்டைவிட்டு வெளியேறவும் அவர் சம்மதம் வேண்டியிருந்தது. கத்தார் வெளியேறும் அனுமதியைப் பெரும்பாலோருக்கு 2018-லும், வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதியை 2020-லும்தான் எடுத்தது. குடியுரிமை என்ற பேச்சே இல்லை. குறைந்த சம்பளக்காரன் மனைவியை அழைத்துக்கொள்ளவும் முடியாது. நாற்பது வருஷம் இருந்தவனும் வேலை போனால் சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டியவன்தான்.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகிறது. நேட்டால் தமிழனின் சரித்திரம் நேட்டாலில் இருக்கிறது. வளைகுடாத் தமிழனின் சரித்திரம் வளைகுடாவில் இல்லை. அவன் சம்பாதித்த பணம், பேசிப் பழகிய சொற்கள், உடம்பில் ஏறிய நோய், கடைசியில் அந்த உடம்பு என்று எல்லாமே இங்கே திரும்பி வந்தாக வேண்டும். அந்தச் சரித்திரம் நடந்த இடம் செங்கமும் கலசபாக்கமும்தான். அதைத் தேடி நாம் விமானம் ஏற வேண்டியதில்லை.

3

அங்கே இந்தியனுக்கு வேலை வந்தது எண்ணெயால் என்பது பாதி உண்மை. எண்ணெய்க்கு முன்பே அந்தக் கரை பிரிட்டிஷ் இந்தியாவின் கொல்லைப்புறமாக இருந்தது. குவைத்திலும் பஹ்ரைனிலும் புழங்கிய தபால் தலைகள், அந்தந்த ஊரின் பெயரை மேலே அச்சடித்த இந்தியத் தபால் தலைகள். கடைவீதியில் செலாவணியானது இந்திய ரூபாய். 1932-ல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1938-ல் குவைத்திலும் ஸவூதியிலும். உள்ளூரில் ஆள் கிடைக்காத வேலைகளுக்குப் பிரிட்டிஷ் பிரஜைகளையே எடுக்க வேண்டும் என்று பிரிட்டன் வற்புறுத்தியது. அந்தப் பிரஜைகளில் மலிவாகக் கிடைத்தவர்கள் பம்பாயில் இருந்தார்கள். குமாஸ்தாக்கள், ஃபிட்டர்கள், ஓட்டுநர்கள் போனார்கள். அவர்களுக்குச் சம்பளம் ரூபாயில்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது தொடர்ந்தது என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கே இன்று தெரியாது. வளைகுடாவில் தங்கம் வாங்கி இந்தியாவுக்குள் கடத்தினார்கள். அதற்கு விலையாகப் போன ரூபாய் நோட்டுகள் அங்குள்ள வங்கிகள் வழியே ரிஸர்வ் வங்கிக்குத் திரும்பி, ஸ்டெர்லிங்காக மாற்றித் தரும்படி கேட்டன. கையிருப்பு கரைவதைப் பார்த்து, 1959-ல் ரிஸர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டார்கள். படமும் எழுத்தும் நம் நோட்டைப் போலத்தான். நிறம் மட்டும் வேறு. குவைத் 1961-ல் தன் தினாருக்கு மாறியது, பஹ்ரைன் 1965-ல். 1966 ஜூன் 6-ம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலர் 4.76-லிருந்து 7.50 ஆனபோது, கத்தாரும் துபாயும் அந்த ரூபாயைக் கைவிட்டன. ஓமனில் அது 1970 வரை இருந்தது.

1973 இறுதியில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கிச் சில மாதங்களில் நாலு மடங்காகி, கட்டடமும் சாலையும் துறைமுகமும் ஒரே சமயத்தில் கட்ட ஆரம்பித்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. முன்பு நம் ரூபாய் அங்கே போனது. இப்போது அவர்கள் பணத்தைத் தேடி நம் ஆட்கள் போனார்கள். 1922-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டமே 1983 வரை அமலில் இருந்தது. 1983-ல் வந்த புதுச் சட்டத்திலும் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்ற பதவி இருக்கிறது. ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் காலத்தில் பிறந்த பெயர் அது. பத்தாம் வகுப்புத் தேறாதவன் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளில் வேலைக்குப் போக இன்றும் அந்த அதிகாரியின் அனுமதி வேண்டும்.

4

அங்கே வாழ்ந்த முறையைப் பற்றி, திரும்பி வந்தவர்கள் கவுண்டரில் காத்திருக்கும் நேரத்தில் சொன்னவை என்னிடம் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பதில்லை.

ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். அடுக்குக் கட்டில். கீழ்க்கட்டில் பழைய ஆளுக்கு. புதிதாக வந்தவன் மேலே ஏற வேண்டும். கட்டிலைச் சுற்றி ஒரு பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டால் அதற்குள் இருப்பதுதான் வீடு. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சமைப்பது 'மெஸ்'. முறை வைத்துச் சமைக்க வேண்டும்; முறை தவறுவது பெரிய குற்றம். காலைக்கும் மதியத்துக்கும் இரவே சமைத்துக் கட்டிக்கொள்வது. சமைக்க நேரமில்லாதவனுக்குக் குபூஸ் ரொட்டியும் பருப்பும். வெயில் காலத்தில் நடுப்பகலில் திறந்தவெளி வேலை கூடாது என்ற விதி வந்தது பின்னால்தான். ஐக்கிய அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அப்படி ஒரு விதி இருக்கிறது. அதற்கு முன் போனவர்கள், இரும்புக் கம்பியைத் தொடுவதற்கு முன் கையுறையை நனைத்துக்கொண்ட கதையைச் சொல்கிறார்கள். துபாய்க்கு வெளியே உள்ள ஒரு பெரிய தொழிலாளர் குடியிருப்புக்கு அங்கிருந்த இந்தியர்கள் சோனாப்பூர் என்று பெயர் வைத்தார்கள். தங்கத்தின் ஊர் என்று அர்த்தம். வைத்தவன் சிரித்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும்.

பாஷை தனி. மேஸ்திரி பாகிஸ்தானி, எஞ்சினியர் எகிப்தியர், பக்கத்துக் கட்டில் மலையாளி. எல்லோருக்கும் பொதுவாக அரபியும் இந்தியும் கலந்த, இலக்கணமில்லாத ஒரு பேச்சு. 'மாஃபி' என்றால் இல்லை. 'ஹலாஸ்' என்றால் முடிந்தது. 'கல்லி வல்லி' என்றால் போனால் போகட்டும். முதலாளி 'அர்பாப்', அடையாள அட்டை 'பத்தாக்கா'. எங்கள் கிளைக்கு வரும் ஒரு பெரியவர் திரும்பி வந்து பல வருஷமாகியும், கணக்கில் பணமில்லை என்று சொன்னால் "மாஃபியா சார்?" என்றுதான் கேட்பார். பால் விடாத தேநீரை அவர் வீட்டில் இன்றும் 'சுலைமானி' என்றுதான் சொல்கிறார்கள். கறி எடுப்பது வெள்ளிக்கிழமை. இந்துக் குடும்பம், அண்ணாமலையாரின் ஊரில் வெள்ளிக்கிழமை கறி. மனைவி முதலில் சண்டை போட்டு, பிறகு விட்டுவிட்டாராம். ஒரு மனிதன் இருபத்தைந்து வருஷம் எங்கே இருந்தான் என்பதற்கு அந்த வெள்ளிக்கிழமையைவிட ஸ்தூலமான சாட்சி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடற்கரை முஸ்லிம் ஊர்களில் இப்படிப்பட்டவனுக்கு 'சபராளி' என்று ஒரு சொல் உண்டு. பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல் கடந்து போன சமூகத்தில் அதற்கென்று ஒரு சொல்லும், அதைச் சுற்றிப் பாட்டும் பழக்கமும் உண்டாகின்றன. உள்நாட்டு விவசாய ஜில்லாவான எங்களிடம் அது இல்லை. 'ஃபாரின்ல இருக்கான்' என்ற ஒரு வாக்கியம்தான். சொல் இல்லாத இடத்தில் அனுபவம் தன்னைத் தனக்கே சொல்லிக்கொள்ள முடியாமல் போகிறது என்று தோன்றுகிறது.

5

வீட்டுக்கும் அவனுக்கும் இடையே இருந்தது காகிதம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாதம் ஒரு கடிதம்; ரிஜிஸ்தர் தபாலில் டிராஃப்ட். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குக் காஸெட் வந்தது. அறுபது நிமிஷம் ஒருவன் தனியாக உட்கார்ந்து தன் மனைவியிடமும் தாயிடமும் பேசிப் பதிவு செய்து, லீவில் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்பிய காஸெட்டுகள். எங்கள் ஜில்லாவின் தன்வரலாற்று இலக்கியம் என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் காஸெட்டுகள்தான். அவற்றின் மேல் பிறகு சினிமாப் பாட்டைப் பதிவு செய்துவிட்டார்கள். டெலிபோன் கார்டு வந்தது; அதன் பிறகு இமோ, போட்டிம் என்று முகம் பார்த்துப் பேசும் வசதிகள் வந்தன. பேச்சு அதிகமாகி, தடயம் குறைந்தது.

தடயம் மிஞ்சியது பாஸ் புக்கில். "தம்பி, பையன் போட்டது ஏறிச்சா பாரு" என்று நீட்டுகிற தாய்மார்களுக்கு அதில் ஒரு வரி போதும். "ஏறியிருக்கும்மா" என்றால், பையன் உயிரோடும் வேலையோடும் இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த வரியில் ஒரு மாயமும் உண்டு. ஐக்கிய அமீரகத்தின் திர்ஹம் டாலருடன் கட்டப்பட்டது. ஒரு டாலருக்கு 3.6725. ரூபாய் அப்படியில்லை. 1990-ல் ஒரு திர்ஹத்துக்கு ஏறத்தாழ 5 ரூபாய், 2000-த்தில் 12, 2024-ல் 23-ஐ நெருங்கியது. அதே சம்பளத்தில் பல வருஷம் இருந்த ஒரு கொத்தனார் வீட்டுக்கு அனுப்பும் தொகை வளர்ந்துகொண்டே இருப்பதாக வீடு நினைத்தது. வளர்ந்தது அவன் கூலியல்ல. நம் நாணயம் தேய்ந்ததுதான் அவனுக்குக் கிடைத்த சம்பள உயர்வு. அவன் கேட்டுப் பெற வேண்டிய உயர்வை எந்த அர்பாபும் தர வேண்டியிருக்கவில்லை. கவுண்டரின் இந்தப் பக்கம் அது தானாக நடந்தது. ரூபாய் சரிந்தது என்று செய்தி வரும் நாட்களில் எங்கள் கிளையில் உற்சாகம் தெரியும். தேசத்தின் நஷ்டமும் ஒரு குடும்பத்தின் லாபமும் ஒரே எண்ணாக இருப்பதை அங்கே நின்றால் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அம்மானிலிருந்து விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் அனுப்பிய பணம் நின்றது, எண்ணெய் விலை ஏறியது, வெளிநாட்டு இந்தியர்கள் வைப்புத் தொகையை எடுக்கத் தொடங்கினார்கள். 1991 ஜூலையில் ரிஸர்வ் வங்கி 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அந்த நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நம் பொருளாதாரக் கொள்கை மாறிய கதையில் மந்திரிகள் பெயர் வருகிறது, குவைத்திலிருந்து ஒரு பையோடு திரும்பியவன் வருவதில்லை. ஐ.நா. பிறகு ஒரு இழப்பீட்டு ஆணையம் வைத்து, குவைத்தையும் ஈராக்கையும் விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு ஆளுக்கு 2,500 அல்லது 4,000 டாலர் தந்தது. புறப்பாட்டுக்கு விலை போடப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

6

இப்போது நம் விஷயம். எழுபதுகளின் சிறுபத்திரிகைகளில் அதிகம் புழங்கிய சொல் 'அந்நியமாதல்'. காம்யூவையும் காஃப்காவையும் படித்துவிட்டு, நகரத்து அறையில் தனியாக இருக்கும் மனிதனைப் பற்றி எழுதினார்கள். அதே வருஷங்களில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவன், அவனை 'அஜ்னபி' என்று, அதாவது அந்நியன் என்றே, சட்டமும் தெருவும் அழைக்கிற நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படவில்லை. கிழக்கே போன தமிழனுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் கிடைத்தது. மேற்கே போனவனுக்கு அப்போது எதுவும் கிடைக்கவில்லை.

இது நம் குறை மட்டுமல்ல என்று வாதிக்கலாம். அப்துல் ரஹ்மான் முனீஃபின் நாவலைப் பற்றி எழுதும்போது அமிதவ் கோஷ் 1992-ல் இதே கேள்வியை உலகத்துக்குக் கேட்டார்: இவ்வளவு பெரிய எண்ணெய்ச் சந்திப்பு ஏன் இலக்கியமாகவில்லை? பல பாஷைகள் கலந்த, வேர் விடாத இடங்களை நாவல் என்ற வடிவத்தால் எளிதில் பிடிக்க முடிவதில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அது சரியாக இருக்கலாம். ஆனால் 2008-ல் மலையாளத்தில் பென்யாமின் 'ஆடுஜீவிதம்' எழுதினார். தமிழில் நாகூர் ஆபிதீன் துபாய் வாழ்க்கையைச் சிறுகதைகளாக எழுதியிருக்கிறார். மீரான் மைதீன் 'அஜ்னபி' என்றே ஒரு நாவலுக்குப் பெயர் வைத்தார். எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கே இருந்தவர்கள், கடல் கடந்து போவதற்குச் சொல் வைத்திருந்த ஊர்க்காரர்கள். உள்நாட்டு ஜில்லாக்களிலிருந்து எதுவும் பெரிதாக வரவில்லை.

வராமலே போய்விடக்கூடும் என்பதுதான் என் கவலை. நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலியைப் பற்றிக் கப்பல் பட்டியலில் அவன் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, வயது, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதப்பட்டிருக்கிறது. அவனை ஒரு எண்ணாகப் பாவித்த அரசாங்கம் அந்த எண்ணுக்கு எதிரே எழுதி வைத்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து டர்பனிலிருந்து ஒருவர் தன் பாட்டனின் கிராமத்தை அதில் கண்டுபிடித்து இங்கே வந்து நிற்க முடிகிறது. 1978-ல் வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்து, பம்பாய் வழியாகப் போன ஒருவனுக்கு அப்படி எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டார். காஸெட்டில் பாட்டுப் பதிவாகிவிட்டது. வங்கி ஏடுகள் இருக்குமே என்றால், 1985-ம் வருஷத்து விதிகளின்படி அவற்றைப் பாதுகாக்க வேண்டிய காலம் ஐந்து வருஷம், சிலவற்றுக்கு எட்டு வருஷம். பிறகு அழித்துவிடலாம். அழிக்கிறோம்.

போவது நிற்கவில்லை, அளவு மாறியிருக்கிறது. ரிஸர்வ் வங்கியின் கணக்குப்படி, வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் வளைகுடாவின் பங்கு 2016-17-ல் ஏறத்தாழ பாதி. 2023-24-ல் 38 சதவீதம். தனி நாடு என்ற அளவில் அமெரிக்கா முந்திவிட்டது. இனி வெளிநாட்டுத் தமிழன் என்றால் கம்ப்யூட்டர் எஞ்சினியரின் முகம்தான் ஞாபகம் வரும். அவனுக்குத் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளத் தெரியும். 2024 ஜூன் 12-ம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உடல்கள் கொச்சி வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊர்களுக்குப் போயின. சில நாட்கள் பெயர்களும் போட்டோக்களும் பத்திரிகைகளில் இருந்தன. இறந்தால் மட்டும் பெயர் அச்சாகிறது.

1975-ல் இருபத்தைந்து வயதில் போனவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. நம் வட்டத்தில் ஒவ்வொருவர் ஊரிலும் அப்படி ஐந்து பேராவது இருப்பார்கள். கதையாக்க வேண்டாம், கவிதையாக்க வேண்டாம். எந்த வருஷம் போனார், யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார், அறையில் எத்தனை பேர், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எதைச் சாப்பிட்டார், எந்தச் சொல்லை இன்னும் விடவில்லை என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதி வைத்தால் போதும். கப்பல் பட்டியலில் வெள்ளைக்காரன் எழுதிய அளவுக்காவது நாம் எழுத வேண்டும்.